ஜெயக்கொடி அக்காவின் அப்பாவும் ஒரு பனிமலையும்

பழைய கண்ணாடிச் சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்துக் குட்டி ஆணிகளைக் குறடால் பிடுங்கி, பழுப்புக் காகிதத்தைக் கிழிக்கும்போது ஒரு வாசனை வருமே, நீங்கள் முகர்ந்திருக்கிறீர்களா? மைதாப் பசை, கரப்பான் முட்டை, ஈரச் சுண்ணாம்பு, பல வருசத்து ஊதுபத்தி எல்லாம் கலந்த ஒன்று. போன மாதம் முழுக்க விளாங்குடியில் என் வீட்டு மேசையைச் சுற்றி அந்த வாசனைதான். என் மனைவிக்கு அதனால் தும்மல் வருகிறது. எனக்குப் பசி வருகிறது. காரணம் ரொம்பச் சாதாரணமானது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோரிப்பாளையம் ஸ்டூடியோவில் சட்டம் பிரிக்கிற வேலையை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் என் தலையில் கட்டுவார்கள். பிரித்து முடித்தால் தெருமுனைக் கடையில் பரோட்டா. இத்தனை காலம் ஆகியும் மூக்குக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள அந்த ஒப்பந்தம் ரத்தாகவில்லை.

இப்போது எதற்குச் சட்டம் பிரிக்கிறேன் என்றால், எங்கள் பகுதியில் சிலர் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கியிருக்கிறோம். விளாங்குடியில் இருந்து சமயநல்லூர் வரைக்கும் வீடு வீடாகப் பழைய குடும்பப் படங்களைக் கேட்டு வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, கிழிசலையும் கறையையும் நீக்கி, நூலகத்தில் ஒரு கண்காட்சி வைப்பது. ஊர் எப்படி இருந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? படம் வாங்கி வருவது மற்றவர்கள் பொறுப்பு. ஸ்கேன் செய்வது, சீர்படுத்துவது, ‘எங்க மாமா மூக்கு இப்படி இருக்காதே’ என்ற புகாரைக் கேட்டுக்கொள்வது எல்லாம் என் இலாகா. கூட்டத்துக்குத் தலைவர் செல்வராசு அண்ணன், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மனிதர்கள் மேல் அப்படியொன்றும் ஆர்வம் கிடையாது. அவர் தேடுவது கண்மாயை. தான் நீச்சல் பழகிய விளாங்குடிக் கண்மாய் நிறைந்து கிடக்கிற மாதிரி ஒரு படமாவது கிடைத்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கூட்டத்தைத் தொடங்கினாரோ என்று எனக்குச் சந்தேகம். யார் வீட்டுக் கல்யாணப் படத்தைக் கொடுத்தாலும் மாப்பிள்ளையையும் பொண்ணையும் ஒதுக்கிவிட்டு அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்.

அப்படி ஒரு சாயங்காலம் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஏய்யா, நம்மூருப் படம்னுதான வாங்கியாந்தோம். எதைப் பாத்தாலும் பனிமலையா இருக்கு. விளாங்குடியில எப்பய்யா ஐஸ் பேஞ்சுச்சு?”

“அது நான் பேய வச்சதுண்ணே,” என்றேன்.

என்ன செய்வது, உண்மை அதுதான். கோரிப்பாளையத்தில் இஸ்மாயில் அண்ணன் ஸ்டூடியோவில் நான் சேர்ந்தபோது பின்னால் தொங்கவிட ஒரே ஒரு துணித்திரை இருந்தது. அதில் வரைந்த பூந்தோட்டத்தில் ரோஜாவெல்லாம் முட்டைக்கோஸ் அளவுக்கு இருக்கும். கண்ணாடியோடு சேர்த்து நூலில் கட்டிய ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா, பையன்களுக்கு மாட்டிவிட ஒரு கோட்டு. கோட்டுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. பின்னால் நாடா வைத்துக் கட்டுவோம். அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறவர் முன்னால் அதிகாரி, பின்னால் பச்சைப் பிள்ளை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதோடு கூடவே ஒரு சிடியில் பனிமலை, ஏரி, பூந்தோட்டம் என்று வெளிநாடே வந்து இறங்கியது. எனக்கு அதில் மவுஸைப் பிடிக்கத் தெரிந்த உடனே நான் விஞ்ஞானி ஆகிவிட்டதாக வீட்டில் நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை.

முக்கிய வியாபாரம், இறந்தவர் படம். மேற்கே இருந்து விவசாயக் குடும்பங்கள் வருவார்கள். கையில் ஒரே ஒரு கூட்டப் படம் இருக்கும். காதுகுத்திலோ, கதிர் அடிக்கிற களத்திலோ எடுத்தது. ‘இதுல நிக்கிற எங்கய்யாவை மட்டும் எடுத்துப் பெருசாக்கிக் குடுங்க’ என்பார்கள். அடுத்தது தவறாமல் வரும்: ‘பின்னாடி கெடக்குற கண்றாவியெல்லாம் தூக்கிருங்க.’ கண்றாவி என்றால் என்ன? மாட்டுக்கொட்டம், வைக்கோல்படப்பு, மாடு கட்டி இறைக்கிற கமலைக் கிணறு, பக்கத்து வீட்டுக்காரன், சில நேரம் செல்வராசு அண்ணனின் கண்மாயும். தூக்கிவிட்டு அந்த இடத்தில் மலையை வைப்பேன். சட்டை போடாத மனிதர், தோளில் ஒரு துண்டு, பின்னால் பனி உறைந்த ஏரி. ஆளுக்குக் குளிருமே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. குடும்பமே கண் கலங்கி, ‘சாமி மாதிரி இருக்காருய்யா’ என்று வாங்கிப் போகும். சாமிக்கும் மலைக்கும் நம் ஊரில் பொருத்தம்தானே.

செல்வராசு அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, “ஒரு ஊரையே காலி பண்ணிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி வரலாறு தேட வந்திருக்க பாரு,” என்றார். நியாயம்தான். காபி கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

இந்தச் சங்கதி நடந்து சில நாளில் ஜெயக்கொடி அக்கா வந்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மகன் வீட்டில் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர். நைந்த வேட்டியில் சுற்றிய பெரிய சட்டம் ஒன்றைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அவருடைய அப்பா படம். மேலே சந்தனச் சீவல் மாலை. பின்னால் என் மலை. நல்ல உசரமான மனிதர். ஒரு கையைத் தொங்கவிட்டு, இன்னொரு கையை இடுப்பில் ஊன்றி, அந்தப் பனியெல்லாம் தான் பயிர் வைத்தது என்பது போல நின்றார்.

அக்கா சட்டத்தைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த ஸ்டூடியோ ஸ்டிக்கரைக் காட்டினார்.

“இது நீங்க இருந்த கடதான தம்பி?”

“ஆமாக்கா.”

“வெட்டுனதும் நீங்கதான?”

“ஆமா.”

“நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க. எங்கம்மாவைக் காணாம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அசல் படத்தின் கதையை அவரே சொன்னார். மலேயாவில் இருந்து வந்த மாமா ஒருவர் கேமராவோடு வந்திருக்கிறார். கண்மாய்க் கரையை ஒட்டி இருந்த வீட்டு வாசலில் அப்பாவை நிறுத்தி எடுத்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளையாக ஜெயக்கொடி. படத்துக்கு நிற்க மாட்டேன் என்று வெட்கப்பட்ட அம்மா, அப்பாவுக்குப் பின்னால் மறைந்துகொண்டு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறார். அது அப்படியே படத்தில் விழுந்துவிட்டது. அம்மாவுக்கு அதற்கு முன்னாலும் படம் கிடையாது, பின்னாலும் கிடையாது. மறு வருசமே காய்ச்சலில் போய்விட்டார்.

அப்பா இறந்தபோது அண்ணன்காரர் அந்தப் படத்தை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். உயிரோடு இருக்கிற ஆளை மாலை போடுகிற படத்தில் விட்டுவைக்கக் கூடாது. அதனால் பிள்ளையை வெட்டச் சொன்னார். அம்மா முகம் தோளுக்குப் பின்னால் அரைகுறையாகத் தெரிகிறது, நல்ல படத்தில் அது எதற்கு, அதனால் அதையும். நான் இரண்டையும் வெட்டி மலையை வைத்தேன். அசல் படம் அண்ணன் வீட்டுப் பரணில் கரையானுக்குப் போயிற்று.

“முகம் மறந்துபோச்சு தம்பி,” என்றார் அக்கா. “அடுப்படியில நிக்கிற முதுகு ஞாபகம் இருக்கு. கொரலு இருக்கு. மொகத்தை நெனைச்சா எங்க சின்னம்மா மொகந்தான் வந்து நிக்குது. நீங்க வெட்டுறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல ஏத்தியிருப்பீங்கள்ல, அது எங்கிட்டாச்சும் கெடக்கும்ல?”

கிடக்கும்தான். வெட்டுவதற்கு முன்னால் ஸ்கேன் செய்த அசலை எல்லாம் சிடியில் எழுதி வைப்போம். விற்றவன் நூறு வருசத்துக்குக் கெடாது என்று சொன்னான். அதைக் கேட்டு நானும் வருகிறவர்களிடம், ‘காகிதம் போனாலும் கவலையில்ல, சிடியில இருக்கு’ என்று பெருமையடித்திருக்கிறேன். “நாளைக்கே கோரிப்பாளையம் போறேன்க்கா,” என்று சொல்லி அனுப்பினேன். அக்கா முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருப்பீர்கள்.

கோரிப்பாளையம் சிக்னலில் வண்டியை நிறுத்தி நின்றபோது பழைய கடை இருந்த இடத்தைப் பார்த்தேன். செல்போன் உறை விற்கிறார்கள். நான் நெகட்டிவ் காயப் போட்ட இடத்தில் பல நிறத்தில் உறைகள் தொங்கின. தர்காவுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், மாடி வீட்டில் இஸ்மாயில் அண்ணன். முழங்கால் வலியால் இறங்குவதில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார்.

“வா மாப்ள. உன் தொப்பை முன்னாடியே மாடியேறி வந்துருச்சு. நீ ஏன் இம்புட்டு லேட்டு?”

அத்தர் வாசனை அப்படியே இருந்தது. கடையில் அது ரசாயனத் தண்ணீரின் நெடியோடு சேர்ந்துதான் வரும். தனி அத்தராக நான் முகர்ந்தது அன்றைக்குத்தான். என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. டீ குடித்து, யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று கணக்குப் பார்த்து முடித்த பிறகு சிடிகளைக் கேட்டேன்.

அவர் பால்கனியைப் பார்த்தார். கம்பி நெடுக நூலில் கட்டி வரிசையாகச் சிடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. காற்றில் சுழன்று வெயிலை வீட்டுக்குள் அடித்தன.

“புறாத் தொல்ல தாங்கல மாப்ள. மருமக கட்டிவிட்டுச்சு. பளபளன்னு இருந்தா வராதாம்.”

புறா ஒன்று சிடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதில் முகம் பார்த்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. நாங்கள் பத்திரப்படுத்திய வரலாற்றுக்கு ஒரு புறாவை விரட்டவும் தெம்பில்லை. ஒன்றை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளிப் பூச்சு சுட்ட அப்பளத்தின் மேல்தோல் மாதிரி பொரிந்து, அதன் வழியாக எதிர்வீட்டு மாடி தெரிந்தது. மிச்சமும் அப்படித்தான். அலமாரியில் பெட்டியோடு இருந்ததை அவர் மகனுடைய பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். அது கொஞ்ச நேரம் முனகிவிட்டுத் துப்பிவிட்டது.

“யாரு படம்?” என்று கேட்டார். சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“ஊருக்கெல்லாம் படம் எடுத்தேன். எங்கம்மாவைக் கேமராவுக்கு முன்னாடி உக்கார வைக்க முடியல. முக்காட்டை இழுத்துக்கிட்டு, ‘எனக்கு என்னத்துக்குடா படம், நாந்தான் இருக்கேன்ல’ன்னுச்சு.”

மாடிப்படி இறங்கும்போது பின்னால் இருந்து குரல் கொடுத்தார். “அந்தப் பொம்பளைகிட்டப் பக்குவமா சொல்லு மாப்ள.”

பக்குவமாகச் சொல்வது எப்படி என்று திண்டுக்கல் ரோடு முழுக்க ஒத்திகை பார்த்தேன். மறுநாள் அக்கா வந்ததும் எல்லாம் மறந்துபோய், “புறா விரட்டத் தொங்கவிட்டுட்டாங்கக்கா,” என்று உளறினேன். செல்வராசு அண்ணனும் அப்போது இருந்தார். அவரே முகத்தைச் சுளித்தார்.

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். “சரி விடுங்க,” என்றார். “அப்பா படத்தையாச்சும் தூசி தட்டிக் குடுங்க. கண்காச்சியில வைக்கலாம்.”

கண்ணாடியோடு ஸ்கேன் செய்தால் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். சட்டத்தைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அக்கா முதலில் மாலையைத் தன் கையாலேயே கழற்றிக் கண்ணில் ஒற்றி ஓரமாக வைத்தார். படத்தை வாங்கி வந்த நாளில் போட்ட மாலையாம். வீட்டுக்கு வெள்ளையடித்தபோதும் அதைக் கழற்றவில்லை. படத்தோடு சேர்த்துத் துணியைச் சுற்றிவிட்டுத்தான் அடித்தார்கள். நான் ஆணிகளைப் பிடுங்கிக் கண்ணாடியை எடுத்தேன். படம் பல வருச வெளிச்சத்தில் வெளுத்துப்போயிருந்தது. மாலை மறைத்த இடம் மட்டும் வெளுக்காமல், வேறு நிறத்தில் வளைவாகத் தெரிந்தது. இரண்டு தோள்களில் இருந்து இறங்கி, இடுப்பில் ஊன்றிய கைக்கு மேலாகப் போனது அந்த வளைவு.

அங்கேதான் என் வேலையின் லட்சணம் தெரிந்தது. உருவத்தை வெட்டும்போது வெளி ஓரத்தைச் சுற்றி வருவது சுலபம். இடுப்பில் கை வைத்து நிற்கிறவருக்கு, முழங்கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு முக்கோணச் சந்து இருக்கும். அதைத் தனியாக வெட்ட வேண்டும். நான் மறந்துவிட்டேன். பரோட்டா நேரமாக இருந்திருக்கும். மலையும் ஏரியும் சுற்றிலும் இருக்க, அந்த முக்கோணத்துக்குள் மட்டும் பழைய சாம்பல் நிறம். வாங்கிப் போன அன்றைக்கே மாலை ஏறி, இத்தனை நாள் அது யார் கண்ணிலும் படவில்லை.

ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். பெரிதாக்கினால் எல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறுகிற காலத்துப் படம் அது. கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்து பார்த்தபோது புள்ளிகள் கூடி வந்தன. கருத்த சேலைத் துணி, அதில் வெள்ளைப் பொட்டுகள். சுங்குடி. அதை ஒட்டி, மெலிந்த மணிக்கட்டில் வளையல். ஒரு கை.

“எங்கம்மா,” என்றார் அக்கா. நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதே நேரத்தில் செல்வராசு அண்ணன் திரையில் விரலை வைத்தார். “அந்தக் கைக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு கோடு தெரியுதே, அது கண்மாய்த் தண்ணிதானய்யா?”

தண்ணியாகவும் இருக்கலாம், ஸ்கேனரில் ஒட்டிய தூசியாகவும் இருக்கலாம். நான் தண்ணி என்றே சொன்னேன்.

முகம் இல்லை. தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த முகத்தை நான் சுத்தமாகத்தான் வெட்டியிருந்தேன். இப்போதுதான் எதையும் வரைந்து தருகிற செயலி வந்துவிட்டதே என்று அண்ணன் ஞாபகப்படுத்தினார். எனக்கும் ஆசை. கையையும் சேலையையும் அதனிடம் கொடுத்து, மிச்சத்தை வரையச் சொன்னேன். டீ ஆறுவதற்குள் முழுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். எலுமிச்சை நிறம், திருத்திய புருவம், நெற்றியில் விழுகிற முடி. ஆறு விரல் இருந்தது, அதை விடுங்கள்.

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“அழகாத்தான் இருக்கா. யாரு வீட்டுப் புள்ள?”

நான் அதை அழித்தேன். அக்கா மறுபடியும் முக்கோணத்தைக் காட்டச் சொன்னார். கையையே பார்த்தார். அந்தக் கை எதையும் பிடித்திருக்கவில்லை. அப்பாவின் இடுப்பையும் தொடவில்லை. உள்ளங்கை தரையைப் பார்க்க, விரல்களை லேசாக விரித்து, காற்றில் எதையோ அமுக்குவது போல நின்றது. என்ன சாடை என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்கா தன் கையை அதே மாதிரி மேசைக்கு மேல் வைத்துப் பார்த்தார். ஒருதரம், மறுதரம்.

“எனக்குத்தான் சொல்லுது,” என்றார். “நான் அப்பாவுக்கு இந்தப் பக்கம் நின்னேன். காலு ஒரு எடத்துல தரிக்காது எனக்கு. அசையாத, அப்படியே நில்லுன்னு அங்கிட்டிருந்து சாடை காட்டுது.”

கண்காட்சிக்காக அந்த முக்கோணத்தைத் தனியாகப் பெரிய படமாகப் போட்டோம். கீழே என்ன எழுதுவது என்று வந்தபோது, செல்வராசு அண்ணன் கண்மாய் என்று எழுதச் சொல்வார் என்று நான் நினைத்தேன். அவர் பேனாவைத் திறந்துகொண்டு, “உங்கம்மா பேரு என்னம்மா?” என்று கேட்டார். பேச்சியம்மாள். அண்ணன் கையெழுத்தில் தபால்காரர்களுக்கே உரிய தெளிவு.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டு, “அந்த எடத்தைக் காட்டுறேன் வாரீங்களா தம்பி?” என்றார். மெயின் ரோட்டில் நடந்து போனோம். வீடு இருந்த இடத்தில் தரைக்கல் விற்கிற பெரிய கடை. வாசல் இருந்ததாக அவர் காட்டிய இடத்தில் சிமெண்டுத் தளம், அதில் நிற்கிற கார்கள். அதற்குப் பின்னால் கண்மாய்க் கரை என்றார். அங்கே அடுக்குமாடி வீட்டு ஜன்னல்களில் துணி காய்ந்தது. மாமா கேமராவோடு நின்றது இப்போது பஸ் போகிற பாதையாம். நான் அதை நம்ப வேண்டியிருந்தது. அவரும் கொஞ்சம் தடுமாறித்தான் ஒரு இடத்தை முடிவு செய்தார்.

“இங்கதான் நின்னேன். ஒரு படம் எடுங்க.”

செல்போனைத் தூக்கினேன். கையைத் தொங்கவிட்டு, கால்களைச் சேர்த்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். “இப்பல்லாம் அம்புட்டு வெறைப்பா நிக்க வேண்டாம்க்கா, அசைஞ்சாலும் நல்லா விழும்,” என்றேன். அவர் அப்படியே நின்றார். பொத்தானை நான் கொஞ்சம் அதிக நேரம் அழுத்திவிட்டேன் போல. சரசரவென்று படங்கள் விழுந்தன.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ஒன்றில் பின்னால் கடைக்காரர் யாரையோ வரவேற்கிறார். ஒன்றில் கார் நகர்ந்திருக்கிறது. ஒன்றில் அக்காவின் சேலைத் தலைப்பு காற்றுக்கு எழும்பியிருக்கிறது, அடுத்ததில் அடங்கியிருக்கிறது. அக்கா ஒரு படத்திலும் அசையவில்லை.